ஒரே மாதிரி தெரியும் ஆங்கிலச் சொற்கள்: ஜோடி ஜோடியாகப் படிப்பதை முதலில் நிறுத்துங்கள்

அஃபெக்ட், எஃபெக்ட் எது எங்கே வரும், பிரின்சிபல் என்பதன் கடைசியில் ஏ-எல் வருமா எல்-ஈ வருமா, ஸ்டேஷனரியில் ஏ போடுவதா ஈ போடுவதா, நூறு ஜோடி உள்ள பட்டியலை மனப்பாடம் செய்தும் தேர்வு அறைக்குள் போனதும் எல்லாம் கலந்துவிடுகிறது, சுலபமான வழி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி உண்டு. ஆனால் அந்தப் பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பத்தை உண்டாக்குவதே அதுதான். இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடது பக்கம் இது, வலது பக்கம் அது என்று படிக்கும்போது மனதில் தங்குவது 'இங்கே ஏதோ ஒரு வித்தியாசம் இருக்கிறது' என்கிற எச்சரிக்கை மட்டும். எது எது என்பது தங்காது. போட்டித் தேர்வுப் புத்தகம் போடுபவர்களுக்குப் பட்டியல் அச்சடிப்பது வசதி, அதனால் எல்லாப் புத்தகத்திலும் அப்படியே வருகிறது.

நான் சொல்வது இதுதான்: ஜோடியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அது நிஜமாகவே அச்சாகியிருக்கும் ஒரு காகிதத்தில் போய்ப் பாருங்கள், அதன் முன்னும் பின்னும் வரும் சொற்களோடு சேர்த்துப் படியுங்கள். ஒன்று உறுதியாகிவிட்டால் மற்றது தானாக வழிக்கு வரும். இந்தக் காகிதங்களில் முக்கால்வாசி உங்கள் வீட்டு பீரோவிலேயே இருக்கும்.

முதலில் பாஸ்போர்ட். எமிக்ரேஷன், இம்மிக்ரேஷன். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் பலரின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆர். என்றால் மாமல்லபுரம் போகும் சாலை, இது வேறு. எமிக்ரேஷன் செக் ரிக்கொயர்டு என்பதன் சுருக்கம். வளைகுடா நாடுகள் உட்படக் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர் ஏமாற்றப்படாமல் இருக்க, அவர் கிளம்புவதற்கு முன் அரசு ஒருமுறை சரிபார்க்கிறது. இதற்குப் பின்னால் இருப்பது 1983-ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டம். நாட்டை விட்டு வெளியே போகிறவரைப் பற்றிய சட்டம் என்பதால் எமிக்ரேஷன். சொல்லின் தலையில் இருக்கும் ஈ என்பது லத்தீனில் 'வெளியே' என்று பொருள்படும் எக்ஸ் தேய்ந்து மிஞ்சியது. இம் என்பது 'உள்ளே' என்கிற இன். ஆக, துபாயில் இறங்கி வரிசையில் நிற்கும் அதே ஆள் அந்த ஊர்க்காரருக்கு இம்மிக்ரன்ட்.

இந்த இரண்டு சொல்லும் ஒரே ஆளின் மேல் ஒட்டப்பட்டதை நம் சரித்திரத்திலேயே பார்க்கலாம். 1860 அக்டோபரில் ட்ரூரோ என்கிற கப்பல் கரும்புத் தோட்டத்துக்கான ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கூலிகளை ஏற்றி அனுப்பும் துறைமுகத்தில் இருந்த அதிகாரியின் பதவிப்பெயர் புரொடெக்டர் ஆஃப் எமிக்ரன்ட்ஸ். அவர்களை இறக்கிக்கொண்ட நேட்டாலில் பிற்பாடு உண்டான பதவிக்குப் பெயர் புரொடெக்டர் ஆஃப் இம்மிக்ரன்ட்ஸ். அதே ஜனங்கள்தான், கரை மாறியதும் சொல் மாறிவிட்டது. (பாதுகாவலர் என்று பெயர் வைத்துக்கொண்டு எவ்வளவு பாதுகாத்தார்கள் என்பது வேறு கதை.) முதல் பதவி இன்னும் இருக்கிறது, சென்னையில் அந்த அலுவலகம் இயங்குகிறது. ஆனால் விமான நிலையத்தில் வெளிநாடு போகும்போதும் பலகையில் இம்மிக்ரேஷன் என்றுதான் போட்டிருக்கும், வருவதையும் போவதையும் ஒரே துறை பார்ப்பதால். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அடுத்தது ஆர்டினன்ஸ், ஆர்ட்னன்ஸ். நடுவில் ஒரு ஐ எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம், ஆனால் ஒன்று சட்டம், மற்றது பீரங்கி. 2017 ஜனவரியில் மெரினா போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது ஆளுநர் பிறப்பித்த ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம் நினைவிருக்கும், அது ஐ உள்ள ஆர்டினன்ஸ். சட்டமன்றம் கூடாத நேரத்தில் அவசரத்துக்குப் பிறப்பிப்பது, மன்றம் மறுபடி கூடி ஆறு வாரத்துக்குள் நிறைவேற்றாவிட்டால் காலாவதியாகிவிடும். ஐ இல்லாத ஆர்ட்னன்ஸ் என்பது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் பெயரிலும், ஆவடியில் ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையின் பெயரிலும் இருப்பது. இந்தத் தொழிற்சாலைகளை எல்லாம் நடத்திவந்த ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டை 2021-இல் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே பழைய பிரெஞ்சுச் சொல்தான். ஏற்பாடு, ஒழுங்குபடுத்துதல் என்று பொருள். அரசன் செய்யும் ஏற்பாடு கட்டளை ஆனது; படைக்கு வேண்டியதை ஏற்பாடு செய்வது தளவாடம் ஆனது. சுருக்கி உச்சரித்ததில் ஐ விழுந்துவிட்டது. பிரிட்டனில் நாட்டுக்கே வரைபடம் போடும் நிறுவனத்துக்கு ஆர்ட்னன்ஸ் சர்வே என்று பெயர் இருப்பதும் இதனால்தான்: 1791-இல் அதைத் தொடங்கியது பீரங்கிகளைக் கவனித்துக்கொண்டிருந்த ராணுவத் துறை. பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்தால் எந்தக் குன்றில் பீரங்கியை நிறுத்துவது என்று தெரிய வேண்டாமா? இப்போது மலையேறப் போகிறவர்கள் அந்த வரைபடத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

சரி, நீங்கள் கேட்ட பிரின்சிபலுக்கு வருவோம். வங்கியில் கடன் வாங்கியிருந்தால் தவணை அட்டவணையை எடுத்துப் பாருங்கள், ஒரு பத்தியில் வட்டி, ஒரு பத்தியில் அசல். அந்த அசல் என்பது ஏ-எல்-லில் முடியும் பிரின்சிபல். கல்லூரி முதல்வரும் அதே எழுத்துகள்தான், ஏனென்றால் இரண்டுக்கும் பொருள் 'முதன்மையானது'. நாமும் போட்ட பணத்தை முதல் என்கிறோம், கல்லூரித் தலைவரை முதல்வர் என்கிறோம், ஆக இதைத் தமிழ் வழியாகவே நினைவில் வைத்துக்கொள்ளலாம். இது பெயருக்கு முன்னால் அடையாகவும் வரும், பிரின்சிபல் செக்ரட்டரி என்பது போல. எல்-ஈ-யில் முடிவது கொள்கை, தத்துவம், ஆர்க்கிமிடிஸ் தத்துவம் என்கிறோமே அது. அது எப்போதும் பெயர்ச்சொல்தான், இன்னொரு சொல்லுக்கு முன் அடையாக வந்து நிற்காது. உங்கள் வாக்கியத்தில் அந்த இடத்தில் 'முதன்மையான' என்று போட்டுப் பாருங்கள், பொருந்தினால் ஏ-எல், கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம்.

ஸ்டேஷனரிக்கு ஒரு கதை உண்டு, அது தெரிந்தால் மறக்காது. இடைக்கால ஐரோப்பாவில் பெரும்பாலான வியாபாரிகள் தலைச்சுமையாக ஊர் ஊராகப் போய் விற்றவர்கள். பல்கலைக்கழகங்களை ஒட்டி ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவருக்கும் நகல் எடுத்துக் கொடுத்தவருக்கும் ஸ்டேஷனர் என்று பெயர், அதாவது நிலையாக ஓரிடத்தில் இருப்பவர். லண்டனில் இவர்களுடைய சங்கத்துக்கு 1557-இல் அரச சாசனமே கிடைத்தது. ஸ்டேஷனர் என்ற ஆளின் பெயர் ஈ-ஆர் என்று முடிகிறது, அவர் விற்கும் பேனா, காகிதம் எல்லாம் ஈ உள்ள ஸ்டேஷனரி. ஏ உள்ளது 'நகராமல் நிற்கும்' என்கிற பொருளில் வருவது, இயற்பியல் பாடத்தில் வரும் ஸ்டேஷனரி வேவ் மாதிரி. நம்மூர்க் கடைப் பலகைகளில் பாதிக்குப் பாதி ஏ போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்துப் படித்துவிடாதீர்கள். கடை நகராமல்தானே நிற்கிறது, அந்த வகையில் தப்பில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அஃபெக்ட், எஃபெக்டுக்கு அரசாணையைப் பாருங்கள். 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' இன்ன தேதி என்று வரும். 'வித் இம்மீடியட் எஃபெக்ட்' என்று வரும். முன்னால் வித் இருக்கிறது, ஆக அது பெயர்ச்சொல். எஃபெக்ட் என்றால் விளைவு, அஃபெக்ட் என்றால் பாதிப்பது, ஒன்று பெயர், ஒன்று வினை. தொண்ணூறு சதவீத இடங்களில் இது போதும். புத்தகங்கள் இதோடு நிறுத்திவிடுகின்றன, மிச்சம் பத்தில்தான் தேர்வில் கேள்வி கேட்கிறார்கள். எஃபெக்ட் வினையாகவும் வரும், அப்போது 'செய்து முடித்தல், நடைமுறைக்குக் கொண்டுவருதல்' என்று பொருள். வங்கியிலிருந்து வரும் கடிதத்தில் பேமென்ட் எஃபெக்டட் என்று இருந்தால் பணம் கொடுத்தாகிவிட்டது, நிம்மதியாக இருக்கலாம். அதே இடத்தில் ஏ போட்டு அஃபெக்டட் என்று இருந்தால் பணம் வருவதில் ஏதோ சிக்கல், கிளம்பிப் போய்க் கேட்க வேண்டும். ஒரே ஒரு எழுத்து. அஃபெக்ட் பெயராக வருவது உளவியலில் மட்டும், ஒருவர் முகத்திலும் பேச்சிலும் வெளிப்படும் உணர்ச்சியைக் குறிக்க. மனநல மருத்துவர் குறிப்பைத் தவிர வேறெங்கும் நீங்கள் அதைப் பார்க்கப்போவதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் யாருக்கும் வரும் குழப்பம். தமிழ் பேசுகிறவர்களுக்கு மட்டும் தனியாக வரும் குழப்பம் ஒன்று இருக்கிறது, வெள்ளைக்காரர் எழுதிய இலக்கணப் புத்தகத்தில் அது இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு அது குழப்பமே இல்லை. ஆங்கிலத்தின் கடைசி எழுத்தின் ஒலி தமிழில் கிடையாது. எஸ் ஒலியைச் சொல்லும்போது தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், அதிர்வு இருக்காது. இஸட் ஒலிக்குத் தொண்டை அதிரும். நாம் இரண்டையும் ஸ் என்றே சொல்லிவிடுகிறோம், எழுதவும் ஒரே எழுத்துதான். அதனால் அட்வைஸ் என்று எழுதினால் அது அறிவுரையா அறிவுரை சொல்வதா என்று தெரியாது. பிரைஸ் என்றால் விலையா பரிசா தெரியாது. லூஸ் என்றால் சட்டை தொளதொள என்று இருக்கிறதா, மேட்சில் தோற்றார்களா, அல்லது ஆளே ஒரு மாதிரியா, மூன்றுக்கும் ஒரே சொல்லை வைத்து நாம் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். ஓ எழுத்து இரண்டு உள்ளது தொளதொள, ஓ ஒன்று உள்ளது இழப்பதும் தோற்பதும்.

ஆங்கிலேயர் காதுக்கு இந்த ஜோடிகள் முழுதாக வேறு வேறு. இப்படிப்பட்ட ஜோடிகள் பலவற்றில் (விலை, பரிசு இரண்டும் பெயராக உள்ள பிரைஸ் இதில் சேராது) ஓர் ஒழுங்கு இருக்கிறது: பெயர்ச்சொல்லிலும் அடையிலும் எஸ் ஒலி, வினையில் இஸட் ஒலி. அறிவுரை எஸ் ஒலி (எழுதுவது சி), அறிவுரை சொல்வது இஸட் ஒலி (எழுதுவது எஸ்). கருவியைக் குறிக்கும் டிவைஸ் எஸ், யோசித்து உண்டாக்குவதைக் குறிக்கும் டிவைஸ் இஸட். பயன் என்கிற யூஸ் எஸ், பயன்படுத்து என்கிற யூஸ் இஸட், இதில் எழுத்துகூட மாறாது, ஒலி மட்டும்தான் மாறும். நெருக்கம் என்று பொருள்படும் க்ளோஸ் எஸ், மூடு என்கிற க்ளோஸ் இஸட். வீடு என்கிற ஹவுஸ் எஸ், வீட்டில் தங்கவைப்பது என்கிற ஹவுஸ் இஸட். இந்த ஒன்றைக் காதுக்குப் பழக்கிக்கொண்டால் பத்துப் பன்னிரண்டு ஜோடி ஒரே நேரத்தில் தெளிந்துவிடும், தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு மாதம் கிரிக்கெட் வர்ணனையை இதற்காகவே கேளுங்கள், லூஸ் பால் என்று எப்படிச் சொல்கிறார், லூஸ் எ விக்கெட் என்று எப்படிச் சொல்கிறார் என்று கவனித்தால் போதும்.

இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ் எழுத்துமுறையில் இன்னும் இரண்டு ஜோடியை அதே அச்சில் வார்த்தார்கள்: பிராக்டிஸ், லைசென்ஸ். பெயராக வந்தால் சி, வினையாக வந்தால் எஸ். ஆனால் இங்கே உச்சரிப்பு மாறாது, இரண்டுக்கும் எஸ் ஒலிதான், ஆகவே ஆங்கிலேயருக்கும் இதில் தடுமாற்றம் வரும். ஐயம் வந்தால் அட்வைஸை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். அட்வைஸில் எந்த எழுத்து வருமோ அதே எழுத்து இங்கேயும். அமெரிக்கர்கள் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று பிராக்டிஸுக்கு எப்போதும் சி, லைசென்ஸுக்கு எப்போதும் எஸ் என்று வைத்துக்கொண்டார்கள், ஏன் ஒன்றுக்கு சி ஒன்றுக்கு எஸ் என்று கேட்டால் பதில் கிடையாது. நாம் பிரிட்டிஷ் வழி. பர்ஸிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்துப் பாருங்கள், இந்தியன் யூனியன் டிரைவிங் லைசென்ஸ் என்பதில் கடைசிக்கு முந்தின எழுத்து சி.

காதைப் பற்றிப் பேசும்போது கவுன்சிலிங்கை விட முடியாது. பொறியியல் சேர்க்கை காலத்தில் தமிழ்நாடே உச்சரிக்கும் சொல், கலந்தாய்வு என்று அரசு நல்ல தமிழ்ப் பெயர் வைத்தும் வீட்டில் கவுன்சிலிங்தான். அதைத் தமிழில் சி போட்டு எழுதிப் பழகியதால் ஆங்கிலத்திலும் சி போட்டு மன்றம் என்று பொருள்படும் கவுன்சிலோடு சேர்த்துவிடுகிறார்கள். வார்டு கவுன்சிலர் உட்காரும் மன்றம் சி-ஐ-எல். ஆலோசனை சொல்வதும், நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞரும் எஸ்-ஈ-எல். 1986-இல் தமிழ்நாட்டில் கலைக்கப்பட்டது லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில், மேலவை, அது சி. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம், வேலைக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் 'மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்தேன்' என்று எழுத நினைத்து 'மாநகராட்சி உறுப்பினராக இருந்தேன்' என்று எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இக், இகல் என்று முடியும் ஜோடிகள் இன்னொரு கூட்டம். எகனாமிக், எகனாமிகல், ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல், கிளாசிக், கிளாசிகல். இவை பிறக்கும்போது வேறு வேறு பொருளோடு பிறக்கவில்லை, பல காலம் ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரே பொருளுக்கு இரண்டு சொல் எதற்கு என்று பயன்பாடே பங்கு பிரித்துக் கொடுத்தது, அதனால் எல்லா ஜோடிக்கும் பொருந்தும் ஒரே விதி இல்லை. யாராவது விதி சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாடு காவல்துறையில் சிட்ஃபண்ட் மோசடிகளை விசாரிப்பது எகனாமிக் அஃபென்சஸ் விங், பொருளாதாரக் குற்றப்பிரிவு. அதை எகனாமிகல் என்று எழுதினால் சிக்கனமாகச் செய்த குற்றம் என்றாகிவிடும். தமிழுக்கு 2004-இல் மத்திய அரசு கொடுத்த தகுதி கிளாசிகல், செம்மொழி. கிளாசிக் என்பது 'அடடா, அபாரம்' என்று ஒன்றைத் தர முத்திரை குத்திப் பாராட்டுவது. தமிழ் கிளாசிக்கும்தான் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம், அரசாணையில் இருப்பது கிளாசிகல். ஹிஸ்டாரிகல் என்றால் வரலாறு சம்பந்தப்பட்ட எதுவும், ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றில் இடம்பிடிக்கும் அளவு பெரியது. பழைய கணக்கு நோட்டு எல்லாமே ஹிஸ்டாரிகல், ஹிஸ்டாரிக் ஆவது அபூர்வம்.

பை என்று தொடங்கும் சொற்களில் குற்றம் உங்களுடையது அல்ல, ஆங்கிலத்தினுடையது. பையன்னுவல் என்றால் ஆண்டுக்கு இருமுறை, பையென்னியல் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. கொச்சியில் 2012-இல் தொடங்கிய கலைத் திருவிழாவுக்கு பியன்னாலே என்று பெயர் இருப்பதை வைத்து இரண்டாவதை நினைவில் வைக்கலாம், இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு. ஆனால் பைமன்த்லிக்கு அந்த வசதியும் இல்லை. மாதம் இருமுறை என்றும் அகராதியில் இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றும் இருக்கிறது. நம் ஊர் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை அறிவிக்கும் பைமன்த்லி கூட்டமும் ஆண்டுக்கு ஆறு. ஆக இந்தியாவில் அது பெரும்பாலும் இரண்டாவது பொருளில்தான் ஓடுகிறது. வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதும்போது மட்டும் அந்தச் சொல்லைத் தொடவே தொடாதீர்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று விரித்தே எழுதிவிடுங்கள். சம்பளத் தேதி சம்பந்தப்பட்ட விஷயம்.

ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் பற்றி எல்லோரும் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள், எதிர்ச்சொல் மாதிரி தெரியும், இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. காரணம் எமிக்ரேஷனில் பார்த்ததே. லத்தீனில் இன் என்று இரண்டு முன்னொட்டு உண்டு, ஒன்று 'இல்லை', இன்னொன்று 'உள்ளே'. இங்கே இருப்பது இரண்டாவது, தீக்குள் போவது. ஆனால் அவசரத்தில் படிக்கிறவன் 'தீப்பிடிக்காது' என்று நினைத்து பீடியைப் பற்றவைத்தால் என்ன ஆவது என்று 1920-களிலேயே அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தினர் யோசித்து, இன் இல்லாத சொல்லையே எழுதும்படி வற்புறுத்த ஆரம்பித்தார்கள். பிரிட்டனும் பிறகு அந்த வழிக்கு வந்தது. நம் நெடுஞ்சாலைகளில் டேங்கர் லாரிக்குப் பின்னால் இன்னும் ஹைலி இன்ஃப்ளேமபிள் என்றுதான் ஓடுகிறது. நீங்கள் எதையாவது எழுதிவைக்க நேர்ந்தால் இன் வேண்டாம். தீப்பற்றாத பொருளுக்கு நான்-ஃப்ளேமபிள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோயில் விழா மலரிலும் மளிகைக்கடை காலண்டரிலும் 'வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்' என்று இருக்கும், அது நடுவில் ஐ, பாராட்டும் வாழ்த்தும் இலவசமாகக் கொடுப்பதும். ஓட்டலில் காலைச் சிற்றுண்டி இலவசம் என்றாலும் ஐ. நடுவில் ஈ வந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புவது. மருத்துவர் எழுதிக் கொடுப்பது பிரிஸ்க்ரைப். ப்ரொஸ்க்ரைப் என்றால் நேர் எதிர், தடை விதிப்பது. ரோமில் சுல்லா என்கிற சர்வாதிகாரி கி.மு. 82-இல் ஒழித்துக்கட்ட வேண்டியவர்களின் பெயரை எழுதிப் பொது இடத்தில் மாட்டினானே, அதிலிருந்து வந்தது. வெள்ளைக்கார அரசு இங்கே பறிமுதல் செய்த தேசியப் பாடல் புத்தகங்களின் கோப்புகளிலும் அந்தச் சொல்தான் இருக்கும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போடுவது ஆல்டர்னேட் டேஸ், சித்த மருத்துவத்துக்குப் போவது ஆல்டர்னேட்டிவ், மாற்று. எல்.ஐ.சி. பத்திரத்தில் சம் அஷ்யூர்டு என்று இருக்கும், இன்ஷ்யூர்டு என்று இருக்காது, பழைய பிரிட்டிஷ் வழக்கப்படி நடந்தே தீரும் விஷயத்துக்கு அஷ்யூர், நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்பதற்கு இன்ஷ்யூர். சாவு முதல் வகை, கார் விபத்து இரண்டாவது வகை. என்ஷ்யூர் என்பது காசு சம்பந்தமில்லாமல் வெறுமே 'உறுதிசெய்'.

டிஸ்இன்ட்ரஸ்டட், அன்இன்ட்ரஸ்டட் என்பதை மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும். தேர்வில் கேட்டால் முதலாவது நடுநிலையானவர், வழக்கில் சொந்த லாபம் எதுவும் இல்லாதவர், இரண்டாவது ஆர்வமில்லாதவர். நீதிபதி முதலாவதாக இருக்க வேண்டும், இரண்டாவதாக இருக்கக் கூடாது. கேள்விக்கு இதை எழுதி மதிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் இவை ஏறக்குறைய தலைகீழாகவும் வழங்கின, இன்றைக்கும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே முதலாவதை 'ஆர்வமில்லை' என்ற பொருளில் தாராளமாக எழுதுகிறார்கள். நான் மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் வந்தால் முன்பின் நான்கு வரி படிக்காமல் தொடுவதில்லை, நானே ஆங்கிலத்தில் எழுதும்போது இம்பார்ஷியல் என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

கடைசியாக, கணினி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். எழுத்துப்பிழைச் சோதனை வெறும் எழுத்தைத்தான் பார்க்கிறது, இந்த ஜோடிகளில் இரண்டுமே அகராதியில் உள்ள சரியான சொற்கள், ஆகவே பெரும்பாலும் சிவப்புக் கோடு வராது. போதாததற்குக் கோப்பின் மொழி அமெரிக்க ஆங்கிலம் என்று இருந்தால் நீங்கள் சரியாக சி போட்டு எழுதிய லைசென்ஸுக்குக் கோடு போட்டுப் பயமுறுத்தவும் செய்யும், மொழியை இந்திய ஆங்கிலத்துக்கோ பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கோ மாற்றிவிடுங்கள். விடுப்புக் கடிதத்தை அனுப்புவதற்கு முன்னால் முதல் வரியை மட்டுமாவது ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். மேனேஜர் என்பதில் இரண்டாவது ஏ விட்டுப்போனால் அது மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டி, அதுவும் அகராதியில் உள்ள சொல்தான், கணினி ஒன்றும் சொல்லாது.